முசியேவின் மண்

தென்னை நாரை அழுத்திச் செய்த கோகோபீட் கட்டியைத் தண்ணீரில் போட்டால் உடனே கரைந்துவிடாது. கொஞ்ச நேரம் செங்கல் மாதிரி முறைத்துக்கொண்டு கிடக்கும். பிறகு ஓரத்திலிருந்து நெகிழ ஆரம்பித்து, உப்பி, விரிந்து, ஒரு தொட்டி நிறைய வந்து நிற்கும். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் நிலவன் தேர்ந்துவிட்டான். மாமனார் வீட்டில் குடியிருக்கிறவனுக்கு வேறு எது தெரிகிறதோ இல்லையோ, அது தெரிந்துவிடும்.

நெல்லித்தோப்பு வீட்டின் மொட்டை மாடியில், தண்ணீர் டேங்கின் நிழலில் அவன் குந்தியிருந்தான். ஊறிய நாரைப் பழைய வேட்டித் துணியில் அள்ளிப் போட்டு முறுக்கிப் பிழிந்தான். டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. நாரில் இயல்பாகவே இருக்கும் உப்பு போக, அதைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றிப் பிசைந்து மறுபடி பிழிந்தான். நிறம் வெளுத்தது. இன்னொரு தரம். கடைசியாக வடிந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

உப்பு இல்லை. துளிகூட இல்லை.

குருசுக்குப்பத்தில் பிறந்து, நடக்கப் பழகுவதற்கு முன்பே கடல் தண்ணீரைக் குடித்துத் துப்பியவனுடைய நாக்கு அது. மற்ற விஷயங்களில் ஏமாந்தாலும் உப்பு விஷயத்தில் ஏமாறாது.

டேங்க் ஓரமாகச் செங்கல் அடுக்கிக் கட்டிய கூண்டுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் டப்பில் முசியே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. சோற்றுப்பானை மூடி அளவுக்கு இருக்கும் ஆப்பிரிக்க ஆமை. நோணாங்குப்பம் படகுத் துறையில் நிலவனோடு படகு ஓட்டிய இராமதாஸ் வளர்த்தது. இராமதாஸ் சொல்தா வீட்டுப் பிள்ளை, தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த குடும்பம். அவர்கள் வீட்டுப் பிரெஞ்சில் வந்தவர் போனவர் எல்லோருமே முசியே, அதாவது ஐயாதான், ஆமையும் அப்படியே முசியே ஆகிவிட்டது. சித்திரையில் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பும்போது, "எல்லாத்தையும் கூட்டிட்டுப் போறேன்டா, இவர மட்டும் கூட்டிட்டுப் போவ முடியாது. நீதான் மண்ணு தர உள்ள வூட்டுக்குக் குடி போறேன்னு சொன்னியே, வெச்சுக்க" என்று பதிவுக் காகிதங்களோடு கொடுத்துவிட்டுப் போனான்.

மண் தரை உள்ள வீடு. அந்த வீடு இன்னும் சொல்லாகவே இருந்தது.

கல்யாணமான புதிதில் நிலவனும் துர்காவும் குருசுக்குப்பத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். மாமனார் கமலக்கண்ணன் கடை ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஒரே பெண். "நான் எழுந்து நடக்கிற வரைக்கும் இங்க வந்து இருங்க மாப்ள" என்றார். வந்தார்கள். படகுத் துறை வேலை போய், நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் மாமனாரின் பிளாஸ்டிக் சாமான் கடை வந்தது. வாடகை வீட்டுக்கு வேறு ஆள் வந்தார்கள். மாமனார் எழுந்து நடந்து வெகு காலமாயிற்று. தெருமுனை டீக்கடைக்குப் போய் மசால்வடை தின்றுவிட்டு வருகிறார். ஆனால் தனிக்குடித்தனம் என்ற பேச்சு எழுந்தால் மட்டும் அவருடைய கை தானாகப் போய் வாக்கரைப் பிடித்துக்கொள்ளும்.

நிலவன் அரித்து வைத்திருந்த செம்மண்ணை எடுத்துக் கொட்டினான். காலாப்பட்டுப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் முந்திரித் தோப்பில், எந்த உரமும் விழாத மூலையில் தோண்டியது. நர்சரியில் விற்கும் மண் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டான். அதில் உரக் குருணையும் வெள்ளை வெள்ளையாக என்னென்னவோ பொடியும் கிடக்கின்றன, ஆமை மண்ணோடு சேர்த்துத் தின்றுவிடும். செம்மண்ணில் கண்ணாடிச் சில், ஆணி, கருவேல முள் எல்லாம் பொறுக்கி, வெயிலில் காயவைத்துச் சலித்திருந்தான். கழுவிய ஆற்று மணல் கொஞ்சம். அதோடு பிழிந்த நார். எல்லாவற்றையும் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசிறினான்.

ஒரு பிடி எடுத்து இறுக்கினான். உருண்டையாக நின்றது. விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டவில்லை. கட்டை விரலால் அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

புட்டு மாவுப் பதம். முதல் தடவை துர்காதான் அதைச் சொல்லிக் கொடுத்தாள். அப்போது அவளும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவனோடு உட்கார்ந்து பிசிறினாள். முசியே அந்த மண்ணைத் தோண்டிப் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு தூங்கியபோது, "குடுத்து வெச்சது" என்று அதன் ஓட்டைத் தட்டினாள்.

அது சித்திரை. வைகாசியில் அவளுக்கு மூன்றாம் மாதக் கரு கலைந்தது. அதற்குப் பிறகு துர்கா மாடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

"மாப்ள!" கீழேயிருந்து மாமனார் குரல் வந்தது. "மணி இன்னா ஆவுது? அந்த ஆமைக்கு மெத்த தச்சது போதும், கடையத் தொறங்க!"

"தோ வரேன் மாமா."

முசியேவை எடுத்துப் புது மண்ணில் விட்டான். அது கழுத்தை நீட்டி, ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்து அவனைப் பார்த்தது. ஆடி பிறந்ததிலிருந்து இது எத்தனையாவது தடவை மண் மாற்றுவது என்று அவன் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் புது மண்ணில் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். கீரை தின்னும், தோண்டும். பிறகு கண் வீங்கும், கால் இடுக்கில் தோல் சிவந்து புண்ணாகும், ஓட்டுக்குள் சுருங்கிவிடும்.

இரும்புப் படியில் இறங்கினான். வீட்டுக்கு வெளியே, சந்தோடு ஒட்டி மாடிக்கு ஏறும் படி அது. முசியே அந்த வழியாகத்தான் மாடிக்குப் போனது. வீட்டு வாசற்படியை ஆமை தாண்டக்கூடாது என்பது மாமியார் அமிர்தவல்லி போட்ட சட்டம். தாண்டினால் குடும்பம் விளங்காது. மாடி வீட்டில் சேர்த்தியா இல்லையா என்று அன்று யாரும் கேட்கவில்லை. வைகாசிக்குப் பிறகு அமிர்தவல்லி கேட்க ஆரம்பித்தாள். அவனிடம் நேரடியாக அல்ல. மாப்பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. மகளிடம், சுவரிடம், அடுப்பிடம் கேட்டாள்.

கூடத்தில், வாசல் கதவுக்கு நேர் எதிரே மாமனாரின் நாற்காலி. நாற்காலிக்கு முன்னால் வாக்கர். உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர் யாராக இருந்தாலும் அந்த வாக்கரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு போட்ட மாதிரி.

"எங்க, சட்டையெல்லாம் மண்ணு. கடைக்கு வர்றவன் மொதலாளின்னு நெனப்பானா, கொத்தனாருன்னு நெனப்பானா?" என்று சாவியை நீட்டினார் மாமனார்.

அந்தச் சாவியை ராத்திரி திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

*

கடையில் தலைக்கு மேல் பச்சையும் சிவப்புமாக மக்குகள் தொங்கின. இரண்டு பக்கமும் பக்கெட்டுகள் ஆள் உயரம். நடுவில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்தால் தெருவில் ஒரு துண்டு மட்டும் தெரியும்: ஒரு மின்கம்பம், எதிர்க்கடையின் பாதி ஷட்டர். அந்தத் துண்டுக்குள் வந்து போகிற ஆட்களைத்தான் பார்க்கலாம். நோணாங்குப்பத்தில் அலையாத்திக் காட்டைத் தாண்டி முகத்துவாரத்தில் படகு திரும்பும்போது ஒரேயடியாகத் திறக்குமே வானம், அதை நினைத்தால் அவனுக்கு இந்த ஸ்டூலில் மூச்சு முட்டும். நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தான்.

துர்காவை முதன்முதலில் பார்த்தது அந்தப் படகில்தான். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் பெண்கள் கூட்டமாகப் பாரடைஸ் பீச்சுக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தாள். "பயப்படாதீங்க மேடம், கவுந்தாலும் இடுப்பளவு தண்ணிதான்" என்றான். கண்ணைத் திறக்காமலே, "யார் இடுப்பு? உங்க இடுப்பா, என் இடுப்பா?" என்று கேட்டாள். அன்று படகை அவன் கொஞ்சம் சுற்றுவழியில்தான் ஓட்டினான்.

போன் அடித்தது. சின்னப்பொண்ணு அக்கா.

"இன்னாடா நிலவா, பின்கட்டு வேணுமா வேணாமா? ஆடி மாசம் எவனும் குடி வர மாட்டான், அதனால சும்மா வெச்சிருக்கேன். ஆவணி பொறந்தா வேற ஆளுக்கு உட்டுருவேன், அப்பறம் அக்கா சொல்லலன்னு சொல்லாத."

"வேணும்க்கா. துர்காகிட்ட ஒரு வார்த்த…"

"அந்த ஒரு வார்த்தைய நீ ஆனியில இருந்து கேட்டுனு இருக்க!"

பின்கட்டு என்றால் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஆனால் பின்னால் முருங்கை மரத்தடியில் நல்ல மண் தரை, மதில் சுவர் வைத்தது. வாசலில் நின்றால் கடல் காற்று. துர்காவிடம் எப்போது கேட்டாலும், "ஆவணியில பாக்கலாம் நிலா" என்பாள். வரமாட்டேன் என்று சொல்ல மாட்டாள். வருகிறேன் என்றும் சொல்ல மாட்டாள். அவள் வராமல் அந்தப் பின்கட்டு அவனுக்கு எதற்கு? ஆடி முடிவதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். வராவிட்டால் அது என்றைக்கும் வராது என்று அவனுக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

*

சனிக்கிழமை காலையில் முசியே கண்ணைத் திறக்கவில்லை. கீரையை மூக்கருகே வைத்தும் அசையவில்லை. நிலவன் கூண்டுக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தான்.

துப்பினான். கரித்தது.

புதன்கிழமை அவன் கையால் கலந்த மண். புதன்கிழமை உப்பில்லாத மண்.

மாடிக் குழாயைத் திறந்து தண்ணீரைக் குடித்துப் பார்த்தான். நல்ல தண்ணீர்தான். டேங்க் ஓரமாகச் சுற்றி வந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. டப்பில் வைத்து முசியேவைக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"மறுபடியும் உப்புதாங்க" என்றார் அவர், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டபடி. "இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்காது. தினம் வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் விடுங்க. கொஞ்ச நாளைக்கு மண்ணே வேணாம், ஈரத்துணி போதும். மாடி வேணாம், ஆடிக் காத்துல தூசி பறக்குது. வீட்டுக்குள்ள வெச்சுக்கோங்க."

வீட்டுக்குள்ளே. நிலவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

ராத்திரி சாப்பாட்டில் மாமனார் ஆரம்பித்தார். "டாக்டரு இன்னா சொல்றாங்க?"

"மண்ணுல உப்பு ஏறியிருக்காம் மாமா."

"கடக்கர மணல அள்ளியாந்து கொட்டுனா உப்பு ஏறாம சக்கரையா ஏறும்?"

"கடல் மணல் இல்ல மாமா. காலாப்பட்டு செம்மண்ணு. நான்தான் போய்த் தோண்டியாந்தேன்."

"குப்பத்துல பொறந்தவங்களுக்கு எல்லா மண்ணும் செம்மண்ணு மாதிரிதான் தெரியும்." தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். நிலவன் தட்டைப் பார்த்தான். பிறகு துர்காவைப் பார்த்தான். காலாப்பட்டு மண்ணை அவளும் கையில் எடுத்துப் பிசிறியவள். ஆஸ்பத்திரி லேபில் நாளெல்லாம் மனிதர்களின் ரத்தத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து சொல்கிறவள். ஒரு வார்த்தை சொல்லலாம். அவள் சட்னிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"டாக்டர் கொஞ்ச நாளைக்கு உள்ள வெச்சுக்கச் சொன்னாங்க" என்றான் நிலவன். "எங்க ரூம்ல ஒரு மூலையில…"

சமையலறையில் கரண்டி விழுந்தது. "ஏண்டி துர்கா," என்றாள் அமிர்தவல்லி அங்கிருந்தே, "அது மாடியில இருக்கும்போதே இந்த வீட்டுல பொறக்க வேண்டியது பொறக்காமப் போச்சு. வாசப்படியத் தாண்டி வந்தா இன்னும் இன்னா ஆவும்னு கேளு."

"இன்னும் ஒரு தோசை?" என்றாள் துர்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

மாடிக் காற்றில் ஈரத்துணி நொடியில் காய்ந்துவிடும். வேறு வழியில்லாமல் அன்று அவன் மறுபடியும் ஒரு கட்டியை ஊறப்போட்டான்.

*

யார் செய்வது? மாமியாருக்கு முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. அந்த இரும்புப் படியில் இரண்டு படி ஏற அவளால் ஆகாது. மாமனார் மசால்வடைக்காக நடப்பாரே தவிர ஆமைக்காக ஏற மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தான். தினமும் காலையில் மண்ணைச் சுவைத்துப் பார்த்தான். ஞாயிறு, இல்லை. திங்கள், இல்லை. வியாழன் வரை இல்லை. முசியேவும் கொஞ்சம் தெளிந்து, ஒரு செம்பருத்திப் பூவை முழுசாகத் தின்றது.

சனிக்கிழமையில்தான் கரிக்கிறது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி, வீடு கழுவி, விளக்கேற்றி, கூழ் ஊற்றி, அவன் கடையில் கூட்டத்தோடு மல்லுக்கட்டும் நாள்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று, விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எதிர்க்கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தான். சந்தில் செருப்பைக் கழற்றினான். இரும்புப் படி சத்தம் போடாமல் ஏறத் தெரியும் அவனுக்கு.

மாடியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கூண்டுக்கு முன்னால், தலையில் மல்லிகைப் பூவோடு, ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போன சேலையோடு துர்கா குந்தியிருந்தாள். வலது கையை மூடியிருந்தாள். இடது கையால் மண்ணின் ஒரு மூலையைக் கிளறிக் குழி பறித்துக்கொண்டிருந்தாள். முசியே அவள் பக்கம் கழுத்தை நீட்டியது, கீரை கொண்டுவந்திருக்கிறாள் என்று.

"துர்கா."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "கடையத் தொறந்து போட்டுட்டா வந்த?"

"கையத் தொற."

அவள் திறக்கவில்லை. அவனும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பிறகு அவளாகவே விரல்களை விரித்தாள். கைப்பிடி நிறைய கல்லுப்பு. வியர்வையில் நனைந்து, ரேகையில் ஒட்டியிருந்தது.

"அம்மா சுத்திப் போட்டது" என்றாள் துர்கா. "வெள்ளிக்கெழமையானா என் தலையச் சுத்தி எடுக்குறாங்க. மத்தவங்க வூட்டுல தண்ணியில கரைப்பாங்க. அம்மா, ஆமை கொண்டாந்தத ஆமையே எடுத்துக்கட்டும், அது மண்ணுல பொதைச்சுட்டு வான்னு…"

"நீ பொதைச்ச."

"ஆமா."

"நீ. ரத்தத்துல உப்பு அளக்குறவ."

"தெரியும் நிலா. ஆமைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வாரம் செஞ்சா அம்மா சமாதானமாயிடுவாங்கன்னு நெனச்சேன். மொத நாள் அது கண்ணு மூடுனத பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த வெள்ளி வேணாம்னு சொல்லலாம்னு போனேன். அம்மா கண்ண மூடி, ஏதோ முணுமுணுத்துனு, என் தலைய சுத்துறாங்க. எனக்கு வாய் வரல. அடுத்ததும் தங்கலன்னு வெச்சுக்க, நீ அன்னைக்கு உப்பு போடாத குறைதான்னு அம்மா சொல்ல மாட்டாங்களா? அம்மாவ உடு. நானே சொல்லிக்க மாட்டேனா?"

அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வந்தது. ஆனால் அது உப்பின் மேல் இல்லை.

"மண்ணுல போட்டது போகட்டும் துர்கா. சாப்புடும்போது உங்கப்பா என்னை குப்பத்தான்னு சொல்லிச் சிரிச்சாரு. நீ சட்னிய நகத்துன."

அவள் கண்ணைத் துடைக்க உப்புக் கையைத் தூக்கினாள். அவன் சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தான். பிடித்த கையை விடாமல், குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டான். கல்லுப்பு கரைந்து, அவள் விரல்களிலிருந்து வழிந்து, தளத்தின் ஓட்டை வழியாகக் கீழே இறங்கியது. எப்போதும் கரைய வேண்டியபடி கரைந்தது.

"இன்னொன்னு சொல்லணும்" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடியே. "தள்ளிப் போயிருக்கு. நானே டெஸ்ட் எடுத்துப் பாத்தேன். லேப்ல."

நிலவன் குழாயை மூட மறந்தான்.

"அம்மாவுக்குச் சொல்லல. சொன்னா அவ்ளோதான். மாசமா இருக்கிறவ வூடு மாறக்கூடாதும்பாங்க. அப்பறம் பெத்த ஒடம்பும்பாங்க. அப்பறம் கொழந்தைக்கு அரைஞாண் கட்டட்டும், அப்பறம் நடக்கட்டும்… இந்தப் படியவிட்டு எறங்க முடியாது நம்மளால. உங்கிட்டயும் சொல்லல. சொன்னா நீ மொகத்துல மறைக்க மாட்ட." அவள் குரல் இறங்கியது. "ஆவணியில பாக்கலாம்னு சொல்லினே இருந்தேன்ல. ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் நாளைக்கு தைரியம் வந்துடும்னு நெனச்சுதான் சொன்னேன்."

கூண்டுக்குள் முசியே அவள் தோண்டிய குழியில் தலையை வைத்துப் படுத்துவிட்டது. கண் ஓரம் மறுபடி ஈரமாக இருந்தது. போன வாரத்து உப்பு அதன் உடம்புக்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? துர்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், சித்திரையில் செருகிய மாதிரி. குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள்.

"எங்க?"

"டாக்டர் இன்னா சொன்னாங்க? உள்ள வெச்சுக்கன்னுதான சொன்னாங்க?"

"துர்கா, இரு, நான் தூக்குறேன்."

"நீ தூக்குனா குப்பத்தான் தூக்கியாந்தான்னு சொல்லுவாங்க" என்றாள். இரும்புப் படியில் முதல் காலை வைத்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. படகில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த அதே முகம். இந்தத் தடவை கண்ணை மட்டும் மூடவில்லை. "இடுப்பளவு தண்ணிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

வாசலில் விளக்கு எரிந்தது. மாக்கோலம் இன்னும் காயவில்லை. துர்கா கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து, வலது காலை எடுத்து வைத்து, ஆமையோடு வாசற்படியைத் தாண்டினாள்.

மாமனார் கை வாக்கருக்குப் போனது. சமையலறை வாசலில் அமிர்தவல்லி, கற்பூரத் தட்டோடு, நின்ற இடத்தில் நின்றாள்.

"ஏண்டி…" என்றாள்.

"உப்பாலதாம்மா இதுக்கு இப்படி ஆச்சு" என்றாள் துர்கா. "கடக்கர மணலால இல்லப்பா. நான் போட்ட உப்பு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல." ஆமையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கொணமாவுற வரைக்கும் எங்க ரூம்ல இருக்கும். ஆவணி பொறந்ததும் குருசுக்குப்பம் போறோம், இதையும் கூட்டிட்டு."

"நான் இன்னும் நடக்கவே…" என்று ஆரம்பித்தார் மாமனார்.

"வாக்கர கொஞ்சம் நகத்துங்கப்பா. கை வலிக்குது எனக்கு."

கமலக்கண்ணன் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மகள் கையில் நாலு காலையும் ஆட்டிக்கொண்டிருந்த ஆமையைப் பார்த்தார். பிறகு எழுந்து வாக்கரை இழுத்துச் சுவரோரம் வைத்தார். பிடிமானம் இல்லாமல் நன்றாகவே நின்றார்.

அமிர்தவல்லி கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாள் துர்காவோடு பேசவில்லை. அதற்கு மறுநாள் நிலவன் கடைக்குக் கிளம்பும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு இப்ப சந்தோஷம்தான?" என்று கேட்டாள். அவன் குனிந்து செருப்பைத் தேடினான். அறையில் ஈரத்துணி மேல் கிடந்த முசியே கண்ணைத் திறக்க இன்னும் நாளாகும்போலிருந்தது. வீடு அதே வீடுதான். ஜன்னல்கள் எல்லாம் அதே இடத்தில்தான் இருந்தன. ராத்திரி சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஆவணிக்காகக் காத்திருந்தார்கள், ஒவ்வொருவரும் வேறு வேறு காரணத்துக்காக.

ஆடி முடிவதற்கு முந்தைய மாலை நிலவன் மாடியில் பழைய மண்ணை மூட்டை கட்டினான். சின்னப்பொண்ணு அக்கா வீட்டு முருங்கை மரத்தடிக்காகப் புதுக் கட்டி ஒன்றைத் தொட்டியில் ஊறப்போட்டிருந்தான். துர்கா ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகத் துணியைப் பிடித்து முறுக்கினார்கள். டிகாஷன் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. மறுபடி ஊற்றினார்கள். மறுபடி முறுக்கினார்கள்.

வடிந்த தண்ணீரில் விரலை வைத்தவள், அவனுக்கு முன்னால் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் கரிக்குது. இன்னொரு தண்ணி ஊத்து."

"இப்பவே மண்ணு திங்க ஆரம்பிச்சுட்டியா?" என்றான் நிலவன்.

"மெதுவா பேசு" என்றாள் துர்கா, படிப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு. "கீழ கேக்கும்."